பி.எஃப். பணத்துக்கு ஒரு காரணம்

வேலை போன ஆளைப் பார்த்தால் எங்கள் மதுரையில் யாரும் "அடப்பாவமே" என்று ஆரம்பிப்பதில்லை. "பி.எஃப். எம்புட்டு வரும்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்கும் கேட்பதற்கு ஏதாவது ஒரு கேள்வி வேண்டும் இல்லையா? ஆனால் ஒரே கேள்வியை டீக்கடைக்காரர், முடிவெட்டுகிறவர், பக்கத்து வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர் என்று வரிசையாகக் கேட்டால், எனக்கென்று இருந்த பெயர் போய் நானே ஒரு பி.எஃப். கணக்காகிவிட்டேனோ என்று எரிச்சலாக இருக்கும்.

இத்தனைக்கும் எனக்கு வேலை போகவில்லை. சம்பளம்தான் போனது. ஊருக்குத் தெற்கே வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தவன் நான். மெஷினில் நின்று, பிறகு மெஷினில் நிற்கிறவர்களை மேய்க்கும் சூப்பர்வைசராகவும் ஆனேன். ஆர்டர் குறைந்ததும் முதலில் வாரத்தில் சில நாள் லீவு விட்டார்கள். பிறகு பாதிச் சம்பளம். பிறகு ஒருநாள் எல்லோரையும் கேட்டுக்கு உள்ளே நிற்க வைத்து, ஆர்டர் வந்ததும் கூப்பிடுகிறோம், யாரையும் வேலையை விட்டு எடுக்கவில்லை என்று சொன்னார்கள். கைதட்டியவர்களும் இருந்தார்கள். நானும் தட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்பது பிறகுதான் விளங்கியது. வேலையை விட்டு எடுத்துவிட்டதாகக் கணக்கில் பதிந்திருந்தால், கொஞ்சம் பொறுத்திருந்து பி.எஃப். பணத்தை முழுசாகக் கேட்கலாம். பதியவில்லை, அதனால் கேட்க முடியாது. சம்பளம் இல்லை, அதனால் புதிதாகவும் ஒன்றும் சேராது. மாசாமாசம் போனில் ஒரு குறுஞ்செய்தி வரும், இந்த மாதத் தொகை உங்கள் கணக்கில் சேர்ந்தது என்று. வந்துகொண்டிருந்த காலத்தில் அதைப் படித்ததுகூட இல்லை. நின்ற பிறகுதான் அந்தத் தேதி வந்தால் போனை எடுத்து எடுத்துப் பார்ப்பேன்.

சம்பளம் நின்ற கையோடு என் மனைவி இட்லி மாவு வியாபாரத்தில் இறங்கிவிட்டாள். வீட்டில் இருந்த கிரைண்டர் போதவில்லை என்று பெரிதாக ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி, அடுப்படியில் பாதி இடத்தை அதற்கே கொடுத்துவிட்டாள். எங்கள் வீடு வண்டியூரில். தெருவில் எல்லா வீட்டிலும் ஆண், பெண் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் மாவு தங்கவில்லை. கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் எங்கள் மகளுக்குப் பணம் அனுப்புவதும் தடைபடவில்லை. என்னிடம் என் மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான். பி.எஃப். பணத்தைத் தொடக்கூடாது.

அவள் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. என் மாமனார் மில் தொழிலாளி. மில்லை மூடியபோது வந்த பணத்தை அப்படியே எடுத்து மளிகைக்கடை போட்டார். மனிதர் நல்லவர். யார் கடன் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாது. கடை இரண்டு தீபாவளி பார்க்கவில்லை. அதற்குப் பிறகு கடைசிவரைக்கும், ஒரு வெற்றிலைக்குக்கூட மகன் கையை எதிர்பார்த்தே இருந்தார். "அதத் தொட்டீங்க, அப்புறம் நான் மனுசியா இருக்க மாட்டேன்" என்று என் மனைவி சொன்னது அந்த வெற்றிலையை நினைத்துத்தான். அது வயதான காலத்துச் சோறு, இப்போதே தின்றுவிட்டால் அப்போது எதைத் தின்பது என்பது அவள் கேள்வி. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

நான் வீட்டில் இருந்தேன் என்று பேர். இருந்ததெல்லாம் தெப்பக்குளத்துப் படியில்தான். சாயங்காலமானால் கம்பெனி ஆட்கள் சிலர் அங்கே சேர்ந்துவிடுவோம். ஷேர் ஆட்டோ வாங்கலாம் என்பான் ஒருவன். பிளாட் வாங்கிப் போடலாம் என்பான் இன்னொருவன். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் இருட்டுவதற்குள் ஆட்டுப் பண்ணையில் வந்து நிற்கும். மதுரையில் வேலையில்லாத ஆம்பளை ஒவ்வொருவனும் மனசுக்குள் ஓர் ஆட்டுப் பண்ணை நடத்திக்கொண்டுதான் இருக்கிறான். அதில் குட்டிகள் சாவதே இல்லை. எல்லா ஆட்டையும் விற்று முடித்துவிட்டு நான் வீட்டுக்கு வரும்போது, அவள் கிரைண்டர் கல்லைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பாள்.

இந்தச் சமயத்தில்தான் என் தங்கை மகளுக்குச் சடங்கு வைத்தார்கள். தங்கையைக் கட்டிக்கொடுத்தது சோழவந்தான் பக்கம். பிள்ளை பெரிய மனுஷியாகிச் சில மாதம் ஆகியிருந்தது. பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டு, மண்டபம் பிடித்து நாள் குறித்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் சடங்கு என்றால் அது பிள்ளையின் விசேஷம் மட்டுமல்ல, தாய்மாமன் விசேஷமும்தான். கொட்டுமேளம் முன்னால் போக, பட்டு, நகை, பழத்தட்டு, இனிப்புத்தட்டு, கழுத்தில் மாலை போட்ட கிடா என்று மாமன் சீர் தெருவை அடைத்துக்கொண்டு வரவேண்டும். எத்தனை தட்டு என்று எண்ணுவதற்கென்றே வாசலில் பெண்கள் நிற்பார்கள். தங்கச்சிக்கு அந்த வீட்டில் என்ன மரியாதை என்பது அன்றைக்குத்தான் முடிவாகும் என்று சொல்லியே எங்களை எல்லாம் வளர்த்தார்கள்.

எனக்குச் சம்பளம் இல்லை என்பது தங்கைக்குத் தெரியாது. ஆர்டர் கொஞ்சம் மந்தம் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். மாப்பிள்ளை, அதாவது தங்கை வீட்டுக்காரர், சடங்கு ஃப்ளெக்ஸ் பேனரின் மாதிரிப் படத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பட்டுப்பாவாடையில் மருமகள். அவளுக்குப் பக்கத்தில் அவள் உயரத்துக்கு நான். அடியில் "அன்புத் தாய்மாமன்" என்று போட்டு, அதற்கும் கீழே கம்பெனி பெயரும் சூப்பர்வைசர் என்ற பட்டமும் தங்க எழுத்தில் இருந்தன. நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வேலை இல்லாதவன் முகம் மாதிரியே தெரியவில்லை.

அன்றைக்கு ராத்திரி முழுக்க யோசித்து, முழுசாக எடுக்க முடியாவிட்டாலும் பி.எஃப்.பில் முன்பணமாகக் கொஞ்சம் எடுக்கலாம் என்பதை ஞாபகப்படுத்திக்கொண்டேன். மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் நடக்காது. எங்கள் பகுதியில் எடுத்தால் தெரிந்தவர்கள் கண்ணில் படும் என்று, பஸ் ஏறி ஆரப்பாளையம் போய், லாட்ஜ்களுக்கு நடுவே இருந்த ஒரு கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்தேன். கடையில் இருந்த பெண்ணுக்கு என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். எதுக்காகப் பணம் எடுக்கிறீர்கள் என்று ஒரு காரணம் போட வேண்டுமாம். சடங்கு என்றேன். அந்தப் பெண் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். வீடு கட்ட உண்டு, படிப்புக்கு உண்டு, கல்யாணத்துக்கு உண்டு. சடங்குக்கு இல்லை. தங்கச்சி மகளுக்கு மாமன் சீர் என்று ஒரு காரணத்தைச் சேர்க்க வேண்டும் என்று டெல்லியில் யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

"எல்லாரும் நோயின்னுதான்ணே போடுறாங்க. அதுக்குத்தான் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, சீக்கிரமும் வந்துரும்" என்றாள். போடும்மா என்றேன். யாருக்குண்ணே நோய், என்று அவளே கேட்டாள். கம்ப்யூட்டர் கேட்டதா, அவளாகக் கேட்டாளா, தெரியாது. எனக்கு என்று சொல்லக் கொஞ்சம் பயமாக இருந்தது. மகளை வாயில் எடுக்கவே மனசு வரவில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஆள். "வீட்டுக்காரிக்கு" என்றேன்.

சொன்ன மாதிரியே சில நாளில் பணம் வந்துவிட்டது. போனில் செய்தியைப் பார்த்ததும், இனி மறைத்துப் பயனில்லை, திட்டு வாங்கிவிடலாம் என்று அடுப்படிக்குப் போனேன். அவள் மாவைப் பாக்கெட்டில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கோபம் வருவதற்குள் சிரிக்க வைத்துவிட்டால் பாதி தப்பித்தேன் என்பது என் கணக்கு. அதனால் ஆரப்பாளையத்துக் கதையை நடித்தே காட்டினேன். சடங்குக்குக் காரணம் இல்லாமல் போனது, அந்தப் பெண் சொன்ன யோசனை, எல்லாம் சொல்லி, "கடைசியில உனக்குத்தான் நோயின்னு சொல்லி எடுத்துட்டு வந்திருக்கேன்" என்று முடித்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வாயில் நல்ல வார்த்தை வராதா என்று ஆரம்பிப்பாள், பிறகு பி.எஃப்.புக்கு வருவாள், பிறகு அவளுடைய அப்பாவின் மளிகைக்கடை வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

"யாரு சொன்னா உங்களுக்கு?"

நான் இன்னும் சிரிப்பை விடாமல் நின்றிருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு எங்கே போனது என்றே தெரியவில்லை. பி.எஃப்.பைத் தொட்டதற்கு அவள் திட்ட மறந்துவிட்டாள் என்பதுதான் எனக்கு முதலில் உறைத்தது. திட்ட மறக்கிற ஆளில்லை அவள்.

கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. எனக்குச் சம்பளம் நின்ற சமயத்திலிருந்தே அவளுக்கு உதிரப்போக்கு அடங்கவில்லையாம். தனியாகப் போய் எப்போதும் பார்க்கிற டாக்டரம்மாவிடம் காட்டியிருக்கிறாள். கர்ப்பப்பையில் கட்டி, ஆபரேஷன் செய்ய வேண்டும், ரத்தமும் குறைவாக இருக்கிறது, கனம் தூக்காதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கனம் தூக்காதே என்று சொல்லப்பட்ட பெண்தான் தினமும் அந்தக் கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவிக்கொண்டிருந்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் பி.எஃப்.பில் கை வைப்பீர்கள், படுத்துக்கொண்டால் மாவு ஓடாது, மகளுக்கு யார் பணம் அனுப்புவது என்றாள். கம்பெனி கூப்பிடட்டும், ஒரு சம்பளம் வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாளாம்.

எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் கவனிக்கவில்லை என்றால் அதற்கு ஒரு சமாதானம் உண்டு. நான் வீட்டில் இருந்தேன். மூன்று வேளையும் அவள் கையால் சாப்பிட்டேன். அவள் வெளிறிப்போனதைக் கிரைண்டர் வேலை என்று நினைத்தேன். ஆட்டுப் பண்ணையில் எந்தக் குட்டிக்கு என்ன சீக்கு வரும் என்று படியில் உட்கார்ந்து நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்ததை நினைத்தால், இதை எழுதும்போதும் உடம்பு கூசுகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் அப்போதே கட்சி மாறிவிட்டாள். சீருக்கு என்றுதானே எடுத்தீர்கள், சீரைச் செய்யுங்கள், சடங்கு முடியட்டும், என் பாடு எங்கே ஓடிப்போகிறது என்றாள். தன் வயதான காலத்துச் சோற்றை என் மானத்துக்குக் கொடுக்கத் தயாராக இருந்தாள். தன் உடம்புக்குக் கொடுக்க மனசில்லை. நான் அவளிடம் குரலை உயர்த்துகிறவன் இல்லை. அன்றைக்கு உயர்த்தினேன். "நோயின்னு சொல்லி வாங்குன காசு. நோய்க்குத்தான் செலவாகும். மாவ அப்படியே போட்டுட்டு எந்திரி" என்றேன். அவள் எழுந்துவிட்டாள். எழுந்ததுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

டாக்டரம்மா எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டினார். முதலில் ரத்தம் ஏற வேண்டும், சில வாரம் ஊசி போட்ட பிறகுதான் ஆபரேஷன் என்றார். சடங்கு அதற்கு முன்னாலேயே வந்தது. டாக்டரம்மாவைப் பார்த்த மறுநாளே ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, தங்கையைப் பார்க்கப் போனேன். வழி நெடுக எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனேன். அவள் வாசலில் குழாயடியில் குடம் நிரப்பிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் அடுக்கியதெல்லாம் சரிந்துவிட்டது. சம்பளம் இல்லாதது, மதினிக்கு உடம்பு சரியில்லாதது, பி.எஃப். எடுத்தது, சீர் செய்ய முடியாதது, எல்லாவற்றையும் குழாயடியிலேயே தலைகீழாகச் சொல்லி முடித்தேன்.

குடம் நிரம்பி வழிந்தது. அவள் குழாயை மூடிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏண்ணே, ப்ளெக்ஸுல உம் மூஞ்சியத்தான போட்டிருக்கோம், கெடா மூஞ்சியவா போட்டிருக்கோம்? நீ மாலையோட வந்து நில்லு. மதினிய பத்திரமா கூட்டிட்டு வா. அம்புட்டுத்தான்."

மாப்பிள்ளைக்கு மட்டும் முகம் கொஞ்சம் சுருங்கியது. அவர் பக்கத்துச் சொந்தம் என்ன பேசும் என்ற கவலை அவருக்கு. அது அவர் தப்பில்லை, எனக்கே அந்தக் கவலைதானே. சாப்பிட்டுக் கிளம்பும்போது பஸ் நிறுத்தம் வரை வந்து, உடம்பைப் பார்க்கச் சொல்லுங்கள் மச்சான் என்று மட்டும் சொன்னார்.

சடங்கன்று விடிவதற்குள் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய், கண்ணுக்கு நிறைந்த மாலையாக ஒன்று வாங்கினேன். பட்டுப்புடவை ஏற்கெனவே இருந்தது. மாவு விற்ற காசில், என்னிடம் சொல்லாமலே, என் மனைவி மருமகளுக்கென்று எடுத்து வைத்திருந்தாள். இவளும்தான் எத்தனையை மறைத்தாள்! தட்டுகள் என்று பார்த்தால் எங்கள் இருவர் கையும் என் சித்தப்பா வீட்டுப் பெண்கள் கையும் போதுமானதாக இருந்தது. ஆனால் மண்டபத்துக்குப் பக்கத்தில் மேளக்காரர்கள் தயாராக நின்றார்கள். அவர்களோடு மாலை போட்ட கிடா ஒன்றும் நின்றது. யாருடையது என்று நான் விழிக்க, மாப்பிள்ளை என் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டு, தன் பெரியப்பாவிடம், "மச்சான் நேத்தே கொண்டாந்து கட்டிட்டாரு" என்றார். மாப்பிள்ளையும் தன் பங்குக்கு ஒரு காரணத்தைப் போட்டுவிட்டார்.

நான் மருமகளுக்கு மாலை போட்டேன். என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவள் கன்னத்தில் சந்தனம் தடவினாள். ஃப்ளெக்ஸுக்குக் கீழே எங்களை நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள், சூப்பர்வைசர் என்ற தங்க எழுத்து என் தலைக்கு மேல் வருகிற மாதிரி. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் கம்பெனி எப்படி என்று கேட்டார். சம்பளம் இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே யோசித்து, "அப்ப பி.எஃப். எம்புட்டு வரும்?" என்றார். அன்றைக்கு எனக்கு எரிச்சல் வரவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்; முடிவு சொல்கிற அன்றைக்கு, கூப்பிடும்வரை நானும் தங்கையும் ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். கெட்ட கட்டி இல்லை என்றார்கள். தங்கை கொஞ்ச நாள் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். அவள் அரிசி ஊறப்போட, நான் கல்லைத் தூக்கினேன். அதன் கனம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வாடிக்கையாளர்கள் மாவில் உளுந்து கூடிவிட்டது என்று புகார் சொல்லிக்கொண்டே வாங்கினார்கள்.

எடுத்த பணத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக மிச்சம் இருந்தது மகளுக்கும் வீட்டுக்கும் ஓடியது. எடுத்ததைத் திருப்பிப் போட அந்தக் கணக்கில் வழியில்லை. அந்த அளவுக்கு எங்கள் வயதான காலம் மெலிந்துபோனதுதான். கம்பெனி கூப்பிடவே இல்லை. கடைசியில் நானே வேலை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, ஊருக்குள் ஒரு சின்னப் பட்டறையில் சேர்ந்தேன். சூப்பர்வைசர் எல்லாம் இல்லை. மறுபடியும் மெஷினில் நிற்கிறேன். சம்பளம் குறைவு. ஆனால் பி.எஃப். பிடிக்கிறார்கள், பழைய கணக்கோடு சேர்த்தே. அங்கே சேருவதற்கு முன் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

போன வாரம் போனில் அந்தக் குறுஞ்செய்தி வந்தது, இந்த மாதத் தொகை சேர்ந்தது என்று. சின்னத் தொகை. கையைத் துடைத்துக்கொண்டு வீடு வரைக்கும் காத்திருந்து, அவளிடம் காட்டினேன். தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படித்தாள். உடம்பு தேறி, பழைய வாயும் வந்துவிட்டது அவளுக்கு.

"இனிமே இதத் தொட மாட்டீங்க. தொட்டாலும் நோயின்னு போடாதீங்க, நீங்க சொன்னா பலிச்சிருது. மக படிப்பு முடியட்டும், கல்யாணம்னு போடுங்க."

சரி என்றேன். கிரைண்டர் நின்றிருந்தது. கல்லைக் கழுவ நான் எழுந்துகொண்டேன்.